வடிகூடையைக் கழற்றிய கை

மல்லிகாக்காவைக் கொன்றவர்களில் நானும் ஒருத்தி. சனிக்கிழமை மத்தியானம் தாராபுரத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷப் பந்தியில் இருந்தேன். சூப்பர்வைசர் போன் செய்தார். "மல்லிகா போயிருச்சு அம்மணி. துப்பட்டா மெஷின் பெல்ட்டுல மாட்டி கழுத்தை இறுக்கிருச்சு. விபத்துதான். யாரு கேட்டாலும் அப்படியே சொல்லிப்போடு." சாவுச் செய்தியும் மிரட்டலும் ஒரே மூச்சில் வந்தன.

போத்தனூர் யூனிட்டில் அக்காவோடு பஞ்சுப் போர்வை தைத்த உங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் மெஷின் பாதி சமையலறை. மூன்று அடுக்குத் துணி நகராமல் பிடிக்க, கொடியில் மாட்டும் கிளிப்புகள். கனத்த போர்வையைச் சுருட்டித் தள்ள சப்பாத்திக் கட்டை. வட்டம் வரைய இட்லித் தட்டு.

"ஏனுங்கக்கா, சட்னி எப்பங்க?" என்று கேலி செய்வோம்.

"உம்பட கண்ணுல ஊசி தெறிச்சா சட்னி தானா வரும்" என்பார்.

ஒருநாள் ஊசி உடைந்து என் இமையோரம் கீறியது. மறுநாளே டீ வடிகட்டியை வளைத்து என் ஊசிக்கு முன்னால் கட்டிவிட்டார். மோட்டார் பெல்ட்டுக்கு மூடி கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு, அரிசி கழுவும் வடிகூடையை அறுத்துத் தன் பெல்ட்டின் மேல் கம்பியால் கட்டிக்கொண்டார். "எனக்குப் பயமுங்க. அதை ஒத்துக்கறதுல என்ன வெக்கம்?" என்று சூப்பர்வைசரிடமே சொன்னவர்.

அவர் சாவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, போர்வை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். அடுப்பங்கரைச் சாமான் தெரிந்தால் அசிங்கம், கழற்று என்றார் சூப்பர்வைசர். எப்போதும் நடப்பதுதான், மாலையில் திரும்ப மாட்டிவிடுவோம். அன்று அக்கா மறுத்தார். அவர் என்னைப் பார்த்தார். வேலை போய்விடுமே என்று நான் குனிந்து கம்பியை வெட்டினேன்.

அக்கா திட்டவில்லை. "சாயங்காலம் மாட்டிப்போடு கண்ணு."

வந்தவர்கள் போர்வைகளை மட்டும் தடவிப் பார்த்தார்கள். சாயங்காலம் நான் தாராபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். வடிகூடை பூட்டிய அறைக்குள் கிடந்தது. மறுநாள் அவசர ஆர்டர் என்று அவரைத் திறந்த பெல்ட்டோடு உட்கார வைத்தார்கள்.

இப்போது அந்த மெஷினில் என்னை உட்காரச் சொல்கிறார்கள். பெல்ட் இன்னும் திறந்தே இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பயம். அதை நான் விடப்போவதில்லை.

நேற்று பெடலில் கால் வைக்காமல் சொன்னேன்: "பெல்ட்டுக்கு மூடி போட்டுக் குடுங்க. அப்புறந்தான் மிதிப்பேன்."

சூப்பர்வைசர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு மெஷினும் நிற்கவில்லை.