ஓபோ கேட்டு அழுத இரண்டு பேர்

பின்னேரமானால் அந்த பங்களா முழுக்க வெண்ணெய் வாசனையும் விறகுப் புகையும்தான். வெளியே ராகலைத் தேயிலை மலையில் மழை. உள்ளே கணப்புக்கு மேலே இருந்த ஸ்பீக்கரில் மெல்லிசாக ஒரு குழல்...

நேற்று முகநூலில் அதே இடத்தின் விளம்பரத்தைப் பார்த்தேன். பழைய இசையோடு மாலைத் தேநீராம். ‘எல்லா இதயங்களையும் தொடும் இசை’ என்று போட்டிருக்கிறார்கள்.

எல்லா இதயங்களையுமாம்! வயிறு எரிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு நான் பார்த்த முதல் வேலை அது. அந்தக் காலத்துத் தோட்டத் துரையின் பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். நான் ரிசப்ஷனில். எங்கள் தோட்டத்துப் புஷ்பம் அக்கா ஹாலில் தேநீர் பரிமாறுவார். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். இந்த வேலையில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஹோட்டலில் கொடுத்த கறுப்புச் சப்பாத்தைத் தினமும் தானே பொலிஷ் போட்டுத் துடைத்து வைப்பார்.

“தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து, கொழுந்துக் கூடையத் தூக்காம வேல பாக்குறேன் பிள்ள... சும்மாவா?” என்பார்.

ஹாலில் என்ன பாட்டுப் போடுவது என்பது மேனேஜரின் ராஜ்ஜியம். கொழும்பிலிருந்து வந்தவர். எப்போதும் பியானோதான் ஓடும். ஒருநாள் பின்னேரம் புதிதாக ஒன்றைப் போட்டார். அது ஓபோ என்கிற குழல் என்றும், பரோக் என்று சொல்லும் முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசை என்றும் நான் பிற்பாடுதான் தேடித் தெரிந்துகொண்டேன். நம் நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி, அதற்கும் நாணலில் செய்த ஒன்றை வாயில் வைத்துத்தான் ஊதுகிறார்கள்.

மெதுவான பகுதி அது. ஒரு சுரத்தைப் பிடித்தால் விடவே விடாது. ஊதுகிறவருக்கு மூச்சு முடிந்துவிடுமோ என்று நமக்குப் பயம் வந்துவிடும். அப்புறம் மெல்ல வளைந்து இறங்கும்... அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவரின் குரல் மாதிரி.

தட்டோடு வந்த புஷ்பம் அக்கா நடு ஹாலில் நின்றுவிட்டார். தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தார். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

எங்கள் தோட்டத்தில் சாமி வெளியே வரும்போது நாதஸ்வரம் கேட்டால், காலில் கிடப்பதைக் கழற்றிவிட்டுத்தான் கும்பிடுவோம். அக்காவுக்கு அது தானாகவே வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஜன்னலோரம் ஒரு வெள்ளைக்கார அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் முதலில் அவரிடம் ஓடினார். டிஷ்யூ கொடுத்தார். இந்த இசையின் மகிமை அப்படி மேடம், சத்தத்தைக் கூட்டட்டுமா என்று ஆங்கிலத்தில் குழைந்தார்.

அப்புறம் இந்தப் பக்கம் திரும்பினார்.

“என்ன புஷ்பம் இது? கோயிலா? மொதல்ல சப்பாத்தப் போடுங்க. கெஸ்ட் முன்னுக்கு அழுது வடிஞ்சிக்கிட்டு...”

“நாதஸ்வரம் கேட்டுச்சுங்க சேர்...”

அவர் சிரித்தார். “நாதஸ்வரமா? இது கிளாசிக்கல் மியூசிக். ஒங்களுக்கெல்லாம் எங்க வெளங்கப் போகுது?”

அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஒரே ஹால், ஒரே பாட்டு. ஒருவர் அழுதால் ரசனை, இன்னொருவர் அழுதால் ஒழுங்கீனமா? எந்த ஊர் நியாயம் இது?

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டால் ஹாலில் இருக்கலாம், இல்லாவிட்டால் துணி துவைக்கிற லோண்ட்ரிக்குப் போகவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். மன்னிப்பை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது நான். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அழுததுக்கா மன்னிப்பு? கோப்பய ஒடச்சேனா, யாரையும் ஏசுனேனா? கேக்க மாட்டேன்னு சொல்லிரு பிள்ள.”

மறுநாளே லோண்ட்ரி. பங்களாவுக்குப் பின்னால், மெஷின் இரைச்சலுக்கு நடுவில். பாட்டாவது, ஒன்றாவது... பக்கத்தில் நின்று பேசுவதே கேட்காது. நான் பார்க்கப் போனபோது மேசைவிரிப்பு பிழிந்து பிழிந்து கையெல்லாம் சிவந்திருந்தது. அப்போதுதான் சொன்னார்.

“மக கல்யாணத்தப்ப நான் குவைத்துல இருந்தேன். லீவு குடுக்கல. கோயில்ல தாலி கட்டுறப்ப தம்பி எனக்கு கோல் எடுத்து, போனை நாயனத்துக்கிட்டப் புடிச்சிக்கிட்டு நின்னான். தவில் சத்தம் சரியாவே வரல. நாயனம் மட்டும் மெல்லிசா, எங்கயோ தூரத்துல இருந்து... அந்த வீட்டு மேடம் பக்கத்துலயே நிக்கிறா, அழக்கூட முடியல பிள்ள. அன்னைக்கி ஹால்ல அதே மாதிரி கேட்டுச்சு. அப்ப அழாததையும் சேத்து அழுதுட்டேன் போல.”

விளங்காதாம்! இசையில் இதற்கு மேல் விளங்கிக்கொள்ள என்ன இருக்கிறது?

அக்கா மறுபடி அந்த ஹாலுக்குள் போகவே இல்லை. கடைசிவரை லோண்ட்ரிதான்.

இப்போது நான் ஹட்டனில் இருக்கிறேன். பஸ்ஸில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஓபோ கேட்கிறேன். கண் கலங்கினால் கழுத்தில் போட்ட ஷோலில் துடைத்துக்கொள்கிறேன். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் அந்த ஹாலில் இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள்தான் தட்டோடு நிற்கிறார்கள். எந்தப் பாட்டைக் கேட்டாலும் முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது என்று ட்ரெய்னிங் வேறு கொடுக்கிறார்களாம்.

விளம்பரத்தைப் பார்த்த கோபத்தில், அப்படிப்பட்ட ஓபோ இசை ஒன்றைத் தேடி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வேலையை விட்டுவிட்டு இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். இன்று காலையில் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“கேட்டேன் பிள்ள. அதே மாதிரித்தான் இருக்கு. நல்லா அழுதேன்... கதவச் சாத்திக்கிட்டுத்தான். யாராச்சும் வந்து ஏசிருவாங்களோன்னு.”