பிள்ளை வீட்டில் நின்ற காரணம்

பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் விசாரிப்பது அப்போது என் வேலை. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் படிக்க அனுப்பாத பெற்றோரை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். அந்தச் சட்டத்தை அதட்டிச் சொல்லப் பழகியிருந்தேன்.

கொடிகாமத்துக்கு உள்ளே ஒரு வீடு. பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை இரண்டு மாதமாகப் பள்ளிப் பக்கம் வரவில்லை. தகப்பன் முற்றத்தில் மண்வெட்டிக்குப் புதுப் பிடி சீவிக்கொண்டிருந்தார்.

"மூண்டு கடிதம் அனுப்பியாச்சு. இனி நீங்கள் சாவகச்சேரிக் கோட்டிலைதான் பதில் சொல்ல வேணும்" என்றேன்.

"உவளாலை நான் கோட்டுப்படி ஏறவோ?"

அடுப்படிக்குள் போய்ப் பிள்ளையைத் தலைமயிரில் பிடித்து இழுத்து வந்தார். என் கண்முன்னே அந்தப் பிடியால் அடித்தார். முதுகில், தொடையில், மறுபடி முதுகில். "நாளைக்குப் போவியோ? மிஸ்ஸுக்குச் சொல்லு, போவியோ?" தாய் ஓடிவந்து மகள்மேல் விழுந்தாள். அடுத்த அடி தாயின் வாயில் பட்டது. ரத்தத்தோடு ஒரு பல் மண்ணில் விழுந்தது.

நான் கத்தினேனே தவிர நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த வெட்கம் இன்றும் இருக்கிறது. பிறகுதான் பாய்ந்து பிடியைப் பற்றினேன். என் மணிக்கட்டு முறிந்தது. அயலவர்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து அவரை மடக்கிப் பொலிசில் ஒப்படைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் பிள்ளை என்னருகே குப்புறச் சாய்ந்திருந்தாள். கடிதங்களில் கேட்காததை அங்கேதான் கேட்டேன்.

"ஏனம்மா பள்ளிக்கூடம் வாறேல்லை?"

"நான் இல்லாட்டி அப்பா அம்மாவை அடிச்சுக் கொன்றுபோடுவார், மிஸ். நான் நிண்டா குறுக்கை போவன்."

வழக்கில் நான் சாட்சி சொன்னேன். பிள்ளையை வல்வெட்டித்துறையில் இருக்கும் சின்னம்மாவிடம் விடும்படி நீதிமன்றம் சொன்னது. அங்கே அவள் ஒருநாள் தவறாமல் பள்ளிக்குப் போனாள். அவள் பெயரில் இருந்த என் விசாரணைக் கோவை மூடப்பட்டது. சில வாரங்களில் தகப்பன் பிணையில் வெளியே வந்தார். தாய் அவரோடேயே இருந்தாள்.

அந்த வீட்டுக்குப் போக எனக்கு அலுவல் எதுவும் இருக்கவில்லை. இருந்தும் ஒருநாள் போனேன். தாய் படலையைப் பாதிதான் திறந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"பொலிசுக்குப் போவம், வாங்கோ" என்றேன்.

தலையாட்டி மறுத்தாள். "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மிஸ். அறிஞ்சாளெண்டா படிப்பை விட்டிட்டு வந்திடுவாள்."