வாசல் நிலையில் தொங்கிய பென்சிலின் பாட்டில்

முதல் நாள்

நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான்கு வயதுப் பையன் ஒருவன் என் மணிக்கட்டைக் கடித்தான். வில்லியனூர்ப் பக்கம் ஒரு சின்ன டிஸ்பென்சரி. பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வாசல் பலகை மாறிவிட்டது. டாக்டர் மட்டும் ரெஜிஸ்டரில் இன்னும் பிரெஞ்சில்தான் எழுதிக்கொண்டிருந்தார். நோயாளிகளுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. ஆட்சி மாறியதில் ஊசி மெலிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

காய்ச்சல், சிரங்கு என்று வருகிற தாய்மார்கள் மருந்துப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் அடுத்த கதையை எடுப்பார்கள். "சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குதும்மா. தெருவுல பொரண்டு அழுவுது. தம்பியக் கடிக்குது. இதுக்கு இன்னா மருந்து குடுப்பீங்க?"

டாக்டர் இந்தக் கேஸ்களையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு வயது இருபத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கருத்துச் சொல்ல இதைவிட என்ன தகுதி வேண்டும்?

என் கண்டுபிடிப்பு

அஞ்சலை அபிஷேகப்பாக்கத்துக்காரி, நடவு வேலைக்குப் போகிறவள். அவள் மகள் தனத்துக்கு ஐந்து வயது. அம்மா வேலைக்குக் கிளம்பினால் தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுவாள், கஞ்சிக் குண்டானை உதைத்துத் தள்ளுவாள்.

"அந்தக் காலி பாட்ல குடுங்கம்மா" என்று மேஜையில் இருந்த பென்சிலின் பாட்டிலைக் காட்டினாள் அஞ்சலை. "வூட்டு நெலையில கட்டி வெக்கிறேன். பாத்தாலே அடங்கிடும்."

அதன் கழுத்தில் நூல் கட்டி நானே கொடுத்தேன். அது போதாதென்று தனத்திடம் குனிந்து, "நீ அடம் பண்ணினா இந்தப் பாட்டில் எங்கிட்ட சொல்லிடும். ஊசியோட வந்துடுவேன்" என்றேன்.

மறு வாரம் அஞ்சலை முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "இப்பல்லாம் வாயே தொறக்க மாட்டேங்குதும்மா!"

பிறகென்ன, தாய்மார்கள் பாட்டிலுக்கு வரிசையில் நின்றார்கள். கண் திருஷ்டிக்குக் கட்டிய படிகாரத்தின் பக்கத்தில், வீட்டுக்கு வீடு என் பாட்டிலும் தொங்கியது. நான் தெருவில் நடந்தால் குழந்தைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்தன. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

தனத்தின் கால்

ஒரு காலையில் அஞ்சலை தனத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளையின் உடம்பு கொதித்தது. வலது கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. பாதத்தில் கருவேல முள் ஆழமாக ஏறிச் சீழ் வைத்திருந்தது. முள் குத்தி நாலைந்து நாளாகியிருக்கும். அத்தனை நாளும் அம்மாவுக்கு எதிரில் அவள் நொண்டாமல் நடந்திருக்கிறாள்.

"இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தே?" என்றார் டாக்டர்.

"எங்கிட்டயே சொல்லலீங்க ஐயா. ஏண்டி சொல்லலன்னு கேட்டா, அழுதா பாட்டிலு நர்ஸம்மாகிட்ட சொல்லிடும்னுது."

"என்ன பாட்டில்?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. கொதிநீரிலிருந்து கத்தியை எடுத்தபடி, "சீழ் ரத்தத்துல கலந்துட்டா புள்ளையே மிஞ்சாது. உங்க பாட்டில் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றார்.

பத்து நாள் பென்சிலின் போட்டோம். ஊசி போட்டது நான். தனம் ஒரு நாளும் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் அடம் பண்ணலியே நர்ஸம்மா" என்பாள். கேட்கவே வெட்கமாக இருந்தது. முதல் நாள் என்னைக் கடித்த பையன்மேல் எனக்கு அப்போதுதான் மதிப்பு வந்தது.

பாட்டில் வசூல்

கால் பிழைத்தது. கட்டிக்கொடுத்த பாட்டில் ஒவ்வொன்றையும் நானே போய் அவிழ்த்துவர வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டார். தாய்மார்கள் சுலபத்தில் விடவில்லை. "நாளைக்கு இது ஆடுற ஆட்டத்துக்கு நீங்களா வந்து அடக்குவீங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அதனால் விடிந்ததும் அஞ்சலை வீட்டில் போய் உட்கார்ந்து, நடப்பதைப் பார்த்தேன். பாட்டில் கொடுக்கும் முன்பே செய்திருக்க வேண்டியது. பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது அஞ்சலை சத்தமில்லாமல் கொல்லைப்பக்கமாக நழுவினாள். தனம் திரும்பிப் பார்த்தாள், அம்மா இல்லை. தினமும் இதுதான் நடந்திருக்கிறது. அம்மா தலையில் துண்டைச் சுற்றினாலே அவள் அலறியதில் என்ன ஆச்சரியம்?

மாலையில் அவள் திரும்பியதும் சொன்னேன்: "சொல்லிட்டுப் போ அஞ்சலை. எப்ப வருவேன்னும் சொல்லு. சொன்னபடி வா."

"சொன்னா வுடாதும்மா."

"அழட்டும். நீ கோவப்படாம கெளம்பு."

அழுதால் பாட்டில் என்னிடம் எதுவும் சொல்லாது, நான் ஊசியோடு வரவும் மாட்டேன் என்று தனத்திடம் நானே சொன்னேன். மறுநாள் அஞ்சலை, வாசல் நிழல் அம்மிக்கல்லைத் தொடும்போது வந்துவிடுவதாகச் சொல்லிப் போனாள். கஞ்சித் தூக்கைத் தெருமுனைவரை தூக்கிவரும் வேலையைத் தனத்துக்குக் கொடுத்தோம். முதல் மூன்று நாள் முன்பைவிட அதிகமாகப் புரண்டாள். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வைக்கு, கையில் ஊசி இருந்தால் எனக்கே போட்டிருப்பாள். ஆனால் நிழல் கல்லைத் தொட்டபோதெல்லாம் வந்து நின்றாள். இரண்டு வாரத்தில் தனம் அழுகையை விட்டுவிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் நிழலுக்குக் காவல் உட்கார்ந்தாள். அதன் பிறகு அஞ்சலையே பாட்டிலை அவிழ்த்துக் கொடுத்தாள். மற்ற வீடுகளில் இன்னும் நாளானது. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

சில மாதம் கழித்து அந்தத் தெருவில் போகும்போது தனம் நொண்டிக்கொண்டே என்னிடம் ஓடிவந்தாள்.

"நர்ஸம்மா, முள்ளு குத்திக்கிச்சி. பாருங்க."

"எடுக்கணும். வலிக்கும்டி."

"அழலாமா?"

"அழு" என்றேன். தெருவே எட்டிப் பார்க்கும்படி அழுதாள். அந்த அழுகையைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டே முள்ளை எடுத்தேன்.

இப்போது வேலைக்குச் சேருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை அடங்கிவிட்டது என்று தாய் சிரித்துக்கொண்டே சொன்னால், ரெஜிஸ்டரில் 'குணம்' என்று எழுதுவதற்கு முன்னால் குழந்தையின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.