நிற்கும் ரேசர், நகரும் முகம்

புனே பக்கம், கசார்வாடி முனையில் வடாபாவும் கையுமாக நின்றபோது மொபைல் அடித்தது. லோகநாதனின் மனைவி வசந்தா. "அண்ணா, உங்க லோகு காலையில ஷேவ் பண்ணிட்டு வந்து சேர்ல உக்காந்தாருங்க. நான் காப்பி எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டாருங்க." வடாபாவை அப்படியே வைத்துவிட்டேன். நான் தின்பதைப் பாதியில் வைக்கிற ஆள் இல்லை என்பது பிம்ப்ரித் தமிழர் அத்தனை பேருக்கும் தெரியும்.

உங்களுக்கெல்லாம் லோகுவைக் கம்பெனி டெலிபோன் போர்டுக்காரராகத் தெரியும். அந்த நாற்காலிக்கு அவர் எப்படி வந்தார் என்பது எனக்குத்தான் முழுசாகத் தெரியும். அந்தக் கதையில் பாதி நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தகடு அமுக்கும் பவர் பிரஸ் ஒன்று அவருடைய விரல்களை வாங்கிக்கொண்டது. மிஞ்சியது இடது கட்டைவிரல் மட்டும். பட்டன் அமுக்க அது போதும் என்று கம்பெனி போர்டு வேலை தர முன்வந்தது. ஒரு நிபந்தனை. விருந்தாளிகள் வருகிற இடம், தினமும் மழமழவென்று சவரம் செய்து வரவேண்டும். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். சட்டைப் பித்தான்களை எடுத்துவிட்டு, செருப்பில் வருமே அந்த ஒட்டுப்பட்டையை வசந்தா தைத்துவிட்டாள். சவரம்தான் இடித்தது.

"நான் வழிச்சு விட்டா ஆருக்குங்க தெரியப்போகுது?" என்றாள் வசந்தா.

"எனக்குத் தெரியுமே" என்றார் லோகு.

விஷயம் என் கடைசல் பட்டறைக்கு வந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். ஆனாலும் அன்றைக்கு இந்தப் புனே முழுக்கத் தேடினாலும் என் மூளைக்கு ஜோடி கிடையாது. பழைய மிக்ஸி மோட்டாரில் ஒரு சவர இயந்திரம் செய்தேன். அது ஓடிய ஓட்டத்தில் ஷெட் தகரமே ஆடியது. நுரை கூரைக்குப் போனது, லோகுவின் மீசையில் பாதியும் கூடவே போனது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, இந்தப் பக்கம் பாத்தா ஆபீசர், அந்தப் பக்கம் பாத்தா திருடன். எந்தப் பக்கத்துக்குங்க வேலை குடுப்பாங்க?" வசந்தா சிரித்த சிரிப்பு கோந்த்வா வரை கேட்டிருக்கும்.

லோகு அப்படியே நின்று என் கடைசல் லேத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, இதுல டூல் அசையாம நிக்குது, கடையற ஜாப்புதான சுத்துது?"

"ஆமாய்யா, இது தெரியாதா?"

"அப்ப ரேசரை நிக்க வையுங்க. மொகத்தை நான் ஓட்டிக்கறேன்."

இந்த யோசனை என் மனசிலும் கிளம்பி வந்துகொண்டுதான் இருந்தது. அவர் வாய் முந்திக்கொண்டது. ஸ்கூட்டர் பக்கக் கண்ணாடியின் தண்டு எந்தப் பக்கமும் திரும்புமல்லவா, அதை லோகு வீட்டுச் சுவரில் முடுக்கி, நுனியில் ரேசரைப் பொருத்தினேன். சோதனைக்கு என் கன்னத்தையே கொடுத்தேன். ரத்தம் ஒரு வாளி. லோகு பொறுமையாகக் கழுத்தைச் சாய்த்து, நிமிர்த்தி, கன்னத்தை உப்பி, ஒரு கீறல் இல்லாமல் வழித்து முடித்தார். பின்னாலேயே பிரஷும் சீப்பும் சுவரேறின.

ஆபீசில் மேலதிகாரி சாகேப் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாடி கோணி கேலி?" என்றார். யார் சவரம் செய்துவிட்டது என்று கேள்வி. "மீ, சாகேப்" என்றார் லோகு. நான்தான் என்று. சாகேப் நம்பவில்லை. மறுநாள் லோகு வேண்டுமென்றே பாதி முகம் மட்டும் வழித்துக்கொண்டு போனார். மீதியை அங்கேயே செய்து காட்டுவதாக ஏற்பாடு. தண்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஆபீசே திரண்டு வந்தது. பார்த்தால், பாத்ரூம் கதவில் உருண்டைக் குமிழ்! விரல் இல்லாமல் அதை எப்படித் திருப்புவது? சாகேப் இரக்கப்பட்டு, கூட ஓர் ஆள் போட்டுத் தருகிறேன் என்றார்.

"ஆள் வேண்டாங்க சாகேப், கைப்பிடியை மாத்துங்க" என்றார் லோகு, பாதித் தாடியோடு.

நான் கதவைத் திறந்துவிட, மீதியை வழித்துக் காட்டினார். கைதட்டல் பிம்ப்ரி ஸ்டேஷனில் கேட்டது. அந்த வாரமே நீளக் கைப்பிடிகளை நானே கடைந்து மாட்டினேன், குழாய்க்கும் சேர்த்து. முழங்கையால் தள்ளினால் போதும். கொஞ்ச நாளில் இரண்டு கையிலும் ஃபைல் சுமந்த சாகேபே முழங்கையால்தான் திறந்தார். "பாருங்கண்ணா, சாகேபுக்கும் கை பத்தலை" என்று லோகு கண்ணடித்தார்.

வசந்தாவின் போன் வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது, பெரியவர் ஒருவர் கடைசிச் சவரத்துக்கு நாவிதரைக் கூப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வசந்தா லோகுவின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "அவரே பண்ணிட்டாருங்க" என்றாள். உள்ளே சுவரில் ரேசர் இன்னும் காயவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, "நீங்களே கழட்டிட்டுப் போங்கண்ணா" என்றாள். இப்போது அந்தத் தண்டு என் வீட்டுப் பாத்ரூமில் இருக்கிறது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தினமும் முகத்தை ஓட்டுகிறேன். கன்னம் தேறிவிட்டது, மோவாயும் தேறிவிட்டது. மூக்குக்குக் கீழே வரும்போது முகத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை மட்டும் லோகுவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.