எல்லோரும் ‘ஓம்’ சொல்லும்வரை

யோகநாதன் அண்ணை காலமான செய்தி வந்தபோது, நான் அவருக்குக் கோபமாக ஒரு பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பொது மண்டபம் வாங்குவதற்கான கூட்டத்தை அவர் மறுபடியும் தள்ளிவைத்திருந்தார். “அவசரப்படாதேங்கோ பிள்ளை, ஸ்தவாங்கர் ஆக்களையும் ஒருக்கால் கேப்பம்” என்று காலையில் செய்தி அனுப்பியிருந்தார். மண்டபம் வேண்டியது ஒஸ்லோவில். எங்கோ தூரத்து நகரமான ஸ்தவாங்கரில் இருப்பவர்களைக் கேட்டு என்ன செய்வது? அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் ஆரணி அழைத்தாள். “அன்ரி, அப்பா போயிட்டார். மத்தியானம் படுத்தவர், எழும்பேல்லை.” அந்தப் பதிலை நான் இன்னும் அழிக்கவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒஸ்லோத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அத்திலாந்திக்கைக் கடக்கும் பெரிய கொள்கலன் கப்பல்களைத் தனியாகக் கட்ட வசதியில்லாத நாலைந்து நாட்டுக் கம்பனிகள் சேர்ந்து அமைத்த கூட்டு அது. சரக்குப் பிடிப்பதில் ஒருவரோடொருவர் அடிபடுவார்கள். ஆனால் எல்லோருடைய பெட்டிகளும் ஒரே கப்பலில்தான் போகும். யாருக்கு எவ்வளவு இடம் என்று பங்கிடுவது அண்ணையின் வேலை. எல்லாக் கம்பனிகளும் சம்மதிக்கவேண்டும் என்பது விதி. தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், ஆறிய தேநீரைக் குடித்தபடி, கடைசி ஆளையும் சம்மதிக்கவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்த வேலையில் அவருக்கு நிகராக எவரையும் நான் கண்டதில்லை.

பிறகு பெரிய பங்காளி மற்றவர்களைக் கேளாமல் முடிவெடுக்கத் தொடங்கினார். ஒருவர் விலகினார், இன்னொருவர் தன் பங்கை விற்றார். மிஞ்சியதை வேறொரு கம்பனி விழுங்கியது. கப்பல்களில் புதுப்பெயர் எழுதி, எங்கள் அலுவலகத்தையும் பூட்டினார்கள். வெளியேறிய அன்று அண்ணை சொன்னார்: “ஒராளை விட்டிட்டு முடிவெடுத்தா இதுதான் நடக்கும். பாத்து வைச்சிருங்கோ.”

அந்தப் பாடத்தை அவர் எங்கள் தலையில் கட்டினார். நான்கு தமிழ்ச் சங்கங்கள் சேர்ந்து மண்டபம் வாங்க அமைத்த குழுவுக்கு அவர் தலைவர், நான் செயலாளர். நான்கு சங்கங்களும் சம்மதித்து ‘ஓம்’ என்றால்தான் எதுவும் நடக்கும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். ஒஸ்லோவின் ஓரத்தில் மோர்டென்ஸ்ருட்டில் நல்லதொரு பழைய களஞ்சியக் கட்டடம் விலைக்கு வந்தது. மூன்று சங்கங்கள் ஓம் என்றன. நான்காவது சங்கம், சமையலறை இருக்கும் திசை சரியில்லை என்றது. அண்ணை அவர்களோடு கதைத்தார், கதைத்தார், கதைத்துக்கொண்டேயிருந்தார். இன்று அது உடற்பயிற்சிக் கூடம்.

அதன் முன்னால் பனியில் நின்று நான் கத்தினேன். “அண்ணை, எங்கட ஆக்கள் செத்தா வைச்சு அழவும் ஒரு இடமில்லை. கப்பல் வெளிக்கிட ஒரு குறிச்ச நாள் இருந்தது, அதுக்குள்ள எல்லாரும் ஓம் எண்டவை. எங்களுக்கு எந்த நாள் இருக்கு?”

அவர் தொப்பியிலிருந்த பனியைத் தட்டினார். “நீங்கள் சொல்லுறது சரி பிள்ளை. ஆனா மூண்டு பேர் வாங்கினா, நாலாவது ஆள் வாசல்ல நிண்டு பாக்கோணும். அது எனக்கு ஏலாது.”

பல மாதங்கள் நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கடந்த ஞாயிறு அஞ்சலிக் கூட்டம். வாடகைக்கு எடுத்த பாடசாலை விளையாட்டு மண்டபம். எந்தச் சங்கம் முதலில் பேசுவது என்று அவருடைய படத்துக்கு முன்னாலேயே இழுபறி தொடங்கியது. நேரம் போனதுதான் மிச்சம். பாடசாலைப் பராமரிப்பாளர் சாவிக்கொத்தோடு வந்து, அடுத்து பந்து விளையாடப் பிள்ளைகள் வருகிறார்கள், கெதியாக முடியுங்கள் என்றார்.

ஆரணி எழுந்தாள். “எல்லாரும் அப்பாவுக்காக ஒருக்கா எழும்பி நிண்டாப் போதும். ஒருத்தரும் பேசவேண்டாம். ஓமோ?”

நான்கு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ‘ஓம்’ என்றார்கள். செயலாளர் என்ற முறையில் சொல்கிறேன், இத்தனை வருடங்களில் அவர்கள் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது.

எழுந்து நின்றோம். வாசலில் அந்தப் பிள்ளைகளும் பந்தைக் கக்கத்தில் இடுக்கியபடி அசையாமல் நின்றார்கள். மண்டபம் எங்களுடையதல்ல, அண்ணை. அந்தக் கோபம் எனக்கு ஆறப்போவதில்லை. ஆனால் நாலாவது ஆளும் உள்ளேதான் நின்றார். போய் வாருங்கள்.