மாஸ்டர் கட்டிய மெட்டும் முடியாத ஆரத்தியும்

பிள்ளைகளே, நீங்கள் பல்லி விரட்டுகிற அந்த மர அடிக்கோல் சாதாரணக் கோல் இல்லை. எங்கள் ஆர்கெஸ்ட்ரா மாஸ்டர் கையில் இருந்தது. அது நம் வீட்டுக்கு வந்த கதையை எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் தென்காசியில் தையல்கடை வைத்திருந்தார். கல்யாண பேண்டில் கிளாரினெட் ஊதிய ஓர் அண்ணாச்சி, சர்ச்சில் வயலின் வாசித்த வாத்தியார், டிரம்பெட் ஊதத் தெரிந்த லாரி டிரைவர் என்று ஆள் ஆளாகப் பிடித்து ஊருக்கு ஓர் ஆர்கெஸ்ட்ரா உண்டாக்கினார். எல்லோருக்கும் மெரூன் கலர் கோட்டும் அவரே தைத்தார். மிக்சி ரிப்பேர் செய்கிற எனக்குப் பெரிய டிரம் கிடைத்தது. அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் என்னை யாருக்கும் தெரியாது, எனக்கும் யாரையும் தெரியாது. மற்றவர்கள் தொடங்கினால் தொடங்குவேன், நிறுத்தினால் நிறுத்துவேன். இப்படியே பல வருஷம் ஓடியது.

மாஸ்டர் எதையும் தாளில் எழுதித் தந்ததில்லை. வாயால் பாடிக் காட்டுவார், கடையில் துணி அளக்கிற அந்த அடிக்கோலை ஆட்டுவார். அவர் சொல்லாமல் யாரும் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். ஒரு தடவை வயலின் வாத்தியார் கொஞ்சம் முந்தி நிறுத்திவிட்டார் என்று ஒரு மாசம் அவரோடு பேசவில்லை.

போன வருஷம் மாஸ்டர் இறந்துபோனார். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்கார அண்ணாச்சியின் மூத்த மகள் கல்யாணத்துக்கு நாங்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் இல்லாமல் உங்களால் முடியுமா என்று அவர் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டார். எங்களுக்கே சந்தேகம்தான். இதில் சொதப்பினால் ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்துவிடலாம் என்று பேசி முடித்தோம். முன்னால் யார் நிற்பது என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கிளாரினெட் அண்ணாச்சிதான் சொன்னார். “ஏலே, வேற யாரு எந்திரிச்சாலும் பாட்டுல ஓட்ட விழுந்துரும். நீ எந்திரிச்சா ஒண்ணும் தெரியாது.”

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மாஸ்டரின் கோட்டை எனக்குப் போட்டுவிட்டு, அவர் அடிக்கோலையும் கையில் கொடுத்தார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் பொத்தான் மாட்டலாம், வெளியே விட முடியாது.

கல்யாணத்தன்று காலையில் சாரல். மண்டப வாசலில் மாப்பிள்ளை வந்து இறங்கினார். பெண் வீட்டு அம்மாக்கள் மூன்று பேர் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். நான் அடிக்கோலைத் தூக்கினேன், வரவேற்பு மெட்டு தொடங்கியது. அது மாஸ்டர் சொந்தமாகக் கட்டியது. மாப்பிள்ளை கார் தாமதமானால் எவ்வளவு நேரமும் இழுக்கலாம். முடிகிற இடத்திலேயே மறுபடி தொடங்கும்.

நாலு சுற்று நன்றாகப் போனது. நிறுத்தலாம் என்று அடிக்கோலை மெதுவாக இறக்கினேன். எல்லோரும் மெதுவாக வாசித்தார்கள். வேகமாக இறக்கினேன். வேகமாக வாசித்தார்கள். மாஸ்டர் எப்படி நிறுத்துவார் என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மெட்டு முடியட்டும் என்று அம்மாக்கள் தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். கற்பூரம் அணைந்தது, ஒருத்தி ஓடிப்போய் வேறு கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் கண் தட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. ஐயர் உள்ளேயிருந்து வந்து, நல்ல நேரம் போகுது என்று கடிகாரத்தைக் காட்டினார். நான் கையைக் குறுக்கே வீசினேன், தலையை ஆட்டினேன், கும்பிட்டேன். கும்பிட்டதும் வயலின் வாத்தியார் பக்தியோடு வாசித்தார். இரண்டு கையையும் மேலே தூக்கினேன். அக்குளில் கோட்டு சர்ரென்று கிழிந்தது. டிரம்பெட் டிரைவரின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. மாஸ்டர் கட்டிய குழு என் கையில் முடியப்போகிறது என்று நினைத்தேன். அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்தேன்.

டக்கென்று அத்தனை வாத்தியமும் நின்றது.

மாப்பிள்ளையை இரண்டு பேர் தாங்கி உள்ளே கூட்டிப்போனார்கள். கிளாரினெட் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்தார். “மாஸ்டர் உக்காந்தாத்தானலே நாங்க நிறுத்துவோம்? அவருக்கு முட்டுவலின்னு ஊருக்கே தெரியும். இத்தன வருசம் நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?”

“டிரம்ம” என்றேன்.

ஏதோ காரணத்துக்காக நான் இழுக்கச் சொல்கிறேன் என்று நினைத்து எல்லோரும் உயிரைக் கொடுத்து ஊதினார்களாம். தாலி நல்ல நேரத்துக்குள்தான் ஏறியது. மூன்று நிமிஷம் மிச்சம்.

லாட்ஜ்கார அண்ணாச்சி எங்களைத் தேடி வந்தார். நான் கோட்டின் கிழிந்த கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு எழுந்தேன்.

“சம்மந்தி வீட்ல எல்லாரும் ஒண்ணயேதான் சொல்லுதாங்க” என்றார். “இம்புட்டு நேரம் எந்த வீட்லயும் தங்களுக்கு ஆரத்தி எடுத்ததில்லையாம். மரியாதன்னா இதுதானாம். சின்னவ கல்யாணத்துக்கும் நீங்கதான் வாசிக்கணும். நேரத்த மட்டும் கொறச்சிராதிய.”

சாப்பாட்டுப் பந்தியில் ஆர்கெஸ்ட்ராவைக் கலைப்பதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் உட்கார நாற்காலியா ஸ்டூலா என்றுதான் சண்டை. டிரம்பெட் டிரைவர் மட்டும் அதில் சேரவில்லை. உதடு வீங்கிப் பாயசத்தைக் குடிக்க முடியாமல், டம்ளரையே முறைத்துக்கொண்டிருந்தார்.