இடியப்பப் படத்தின் முன்னால்

போன சனிக்கிழமை மெல்பேணின் ஸ்பிரிங்வேல் சந்தையில் என் பேரன் சனக்கூட்டத்தில் தொலைந்துபோனான். மீன்கடை வாசலில் நண்டு பார்த்துக்கொண்டு நின்றவனைக் கண்டுபிடித்துவிட்டோம். எழுபதுகளில் நானும் இப்படித்தான் தொலைந்துபோனேன்.

மெல்பேணுக்கு வந்த புதிது. குளிர்கால ஞாயிறுகளில் அப்பா எங்களை ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போவார். கலையார்வம் ஒன்றுமில்லை, எங்கள் வீட்டில் இல்லாத ஹீட்டர் அங்கே இருந்தது.

ஒரு படத்தின் கீழே எழுதியிருந்ததை அப்பா வாசித்தார். "கீறினவ அமெரிக்காக்காரியாம். சிலையும் செய்யிறவவாம். செப்புத் தகட்டிலை கீறி அச்சடிச்சதாம்."

கறுப்புக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்தன. "இடியப்பம் புழிஞ்ச மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார் அம்மா.

"மெல்லக் கதையும், சனம் பாக்குது" என்ற அப்பா என்னிடம் குனிந்தார். "துலைஞ்சு போனா இந்த இடியப்பத்துக்கு முன்னாலை வந்து நில். ஆர் கூப்பிட்டாலும் போகக் கூடாது."

அன்றைக்கே நான் தொலைந்தேன், இடியப்பத்தின் முன்னால் வந்து நின்றேன். குதிரையும் கப்பலும் அங்கே எல்லாச் சுவரிலும் இருந்தன; அந்தப் பெண்மணியும் அவற்றையே வரைந்திருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அவருக்கு என் நன்றி.

அப்பாவுக்குத்தான் வழி தெரியவில்லை. எல்லா மண்டபமும் ஒரே மாதிரி. ஓவியரின் பெயரும் மறந்துபோய், கண்டவர்களிடமெல்லாம் இடியப்பப் படம் எங்கே என்று ஆங்கிலத்தில் விசாரித்தாராம். அம்மா பின்னாளில் சொன்னது.

மூடும் நேரமாயிற்று. வெள்ளைக்காரக் காவலாளி என்னைக் கூப்பிட்டார். தலையாட்டி மறுத்தேன். கையை நீட்டினார். சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் யோசித்துவிட்டுத் தன் கதிரையைக் கொண்டுவந்து என்னை இருத்தி, பக்கத்தில் நின்றார். மற்ற மண்டபங்களில் விளக்குகள் அணைந்தன. எங்களுடையதை அவர் அணைக்கவில்லை. அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

முதலில் அம்மாதான் ஓடிவந்தார். "எங்கையடி போனனீ, மூதேவி!" என்று கிள்ளிவிட்டுக் கட்டிக்கொண்டார்.

"இஞ்சையே நிண்டனீ?" என்றார் அப்பா.

"ஓம். நீங்கள்தானே நிக்கச் சொன்னனீங்கள்."

அவர் காவலாளியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"இஞ்சேருங்கோ, பூட்டப் போகினம்" என்றார் அம்மா.

"கொஞ்சம் பொறும். படம் பாக்கிறன்."

அவருடைய தோள்கள் குலுங்கின. அப்பா சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.